தயவுசெய்து கதவை மூடவும்

அப்பா: ஆரம்பிச்சிட்டா. கேளு... கேட்டியா? "தயவுசெய்து கதவை மூடவும்." காலையில காபி தொண்டைக்குள்ள இறங்கறதுக்குள்ள அந்தம்மா கூப்பிட ஆரம்பிச்சிடறா.

அம்மா: லிஃப்ட்தானே. பதிஞ்சு வெச்ச குரல், கத்திட்டுப் போகட்டும். நீங்க காபியைக் குடிங்க, ஆறுது.

அப்பா: லிஃப்ட்தானேன்னு சுலபமா சொல்லிட்டே. எங்க நின்னு கத்துது? நம்ம வாசல்ல. மூணாவது மாடியில. அபார்ட்மென்ட் செகரட்டரி குடியிருக்கிற மாடியில.

அம்மா: ஆமா, பெரிய செகரட்டரி. வேற யாரும் கை தூக்கலைன்னு உங்க தலையில கட்டினாங்க.

அப்பா: கட்டினாங்களோ, கொட்டினாங்களோ, இப்ப என் தலைதான் உருளுது. ஆமா, நீ இப்பத்தானே குப்பைப் பை வைக்க வெளியில போனே? யாரையாவது பார்த்தியா?

அம்மா: நான் குப்பையைப் பார்ப்பேனா, ஆளைப் பார்ப்பேனா?

அப்பா: லிஃப்ட் கதவு திறந்திருந்ததா?

அம்மா: நான் போனப்ப கத்தல.

அப்பா: அப்படின்னா, நீ உள்ள வந்து தாழ்ப்பாள் போட்டதும் எவனோ வந்து திறந்து போட்டிருக்கான். சாமர்த்தியத்தைப் பாரேன். நிழல் மாதிரி வந்துட்டுப் போறான்.

அம்மா: யாராவது அவசரத்துல சரியாச் சாத்தாம போயிருப்பாங்க. பழைய லிஃப்ட். கம்பிக் கதவு வேற துரு பிடிச்சுக் கிடக்கு...

அப்பா: துருவெல்லாம் இல்ல, போன மாசம்தான் எண்ணெய் போட்டோம். ரெண்டு கதவையும் இழுத்து, டக்குனு சத்தம் வர்ற மாதிரி சாத்தணும். அவ்வளவுதான் வேலை. கொஞ்சம் இடைவெளி விட்டாப் போதும், இருந்த இடத்தை விட்டு அசையாது. மேல இருக்கிறவங்க பட்டனை அமுக்கி அமுக்கி விரல் தேயவேண்டியதுதான். அந்தம்மா மட்டும் "தயவுசெய்து, தயவுசெய்து"ன்னு...

அம்மா: எவ்வளவு மரியாதையாச் சொல்றா பாருங்க. ஒரு தடவையாவது "ஏய், மூடு"ன்னு சொல்லியிருக்காளா? இந்த வீட்டுல என்கிட்ட யாராவது தயவுசெய்துன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கீங்களா?

அப்பா: தயவுசெய்து இன்னொரு அரை டம்ளர் காபி குடு.

அம்மா: பால் இல்ல.

அப்பா: பாரு. சொல்லியும் பிரயோஜனம் இல்ல.

அம்மா: மெதுவாப் பேசுங்க. பாப்பா உள்ள தலை காய வெச்சிட்டிருக்கா.

அப்பா: அந்த மெஷின் போடற சத்தத்துல அவளுக்கு என்ன கேக்கப் போகுது? எனக்கு ஆத்திரமா வருது தெரியுமா. இந்தக் கட்டடத்துல யாருக்காவது அடுத்தவன்னு ஒரு நினைப்பு இருக்கா? நாலாவது மாடி ஸ்பீக்கர் இருக்கானே...

அம்மா: அந்தப் பையனுக்கு ஒரு நல்ல பேர் இருக்கு.

அப்பா: இருந்துட்டுப் போகட்டும். லிஃப்ட்ல ஏறினதும் போனை வாய்க்கு நேரா, என்னமோ ரொட்டித்துண்டைக் கடிக்கப் போற மாதிரி பிடிச்சுக்குவான். ரெண்டு பக்கப் பேச்சையும் நாம கேட்டாகணும். அவன் மச்சினன் வீட்டுச் சண்டை பூரா எனக்கு மனப்பாடம். நேத்து நானே நடுவுல பதில் சொல்லியிருப்பேன், தப்பு மச்சினன் பேர்லதான்.

அம்மா: சொல்லியிருக்கலாமே. செகரட்டரி தீர்ப்பு.

அப்பா: அப்புறம் அந்த நாய் வெச்சிருக்கிற பொண்ணு. நாய் என் பேன்ட்டை மோந்து பார்த்துக்கிட்டே வருது. "உங்களை அவனுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு அங்கிள்"ங்கறா. எனக்கு அவனைப் பிடிச்சிருக்கான்னு யாராவது கேட்டாங்களா?

அம்மா: கேட்டிருந்தா அதுக்கும் சண்டை பிடிச்சிருப்பீங்க.

அப்பா: தெருவுல இறங்கினா அதுக்கு மேல. சிவப்பு விளக்குல நிக்கறேன். பச்சை விழவே இல்ல, பின்னாலிருந்து ஹார்ன் அடிக்கிறான். நான் என்ன விளக்குக்குப் பச்சை பெயின்ட் அடிச்சிட்டா நிக்கறேன்?

அம்மா: காலங்காத்தால யார்கூட இவ்வளவு சண்டை? காபி சட்டையில ஊத்திக்கப் போறீங்க.

அப்பா: இன்னியோட இதுக்கு ஒரு முடிவு கட்டறேன். கேமராக்காரன் வர்றான்.

அம்மா: கேமராவா?... இன்னிக்கா?

அப்பா: இன்னிக்குத்தான். போன வாரமே வர்றேன்னான். நான்தான் தள்ளிப் போட்டேன்.

அம்மா: நீங்களா தள்ளிப் போட்டீங்க? ஏன்?

அப்பா: அது... வேற வேலை இருந்தது.

அம்மா: உங்களுக்கு? என்ன வேலை?

அப்பா: இருந்ததுன்னா இருந்தது. இப்ப எல்லாரும் சேர்ந்து கழுத்தைப் பிடிக்கிறாங்க. வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்தா, மேல ஒரு ரோஜாப்பூ, காலை வணக்கம். அதுக்குக் கீழேயே "லிஃப்ட் மறுபடியும் மூணாவது மாடியில்." ஞாயித்துக்கிழமை கூட்டத்துல ஆள் யாருன்னு சொல்லியாகணுமாம். நோட்டீஸ் போர்டுல பேர் எழுதிப் போடணுமாம்.

அம்மா: அதெல்லாம் சரி... நம்ம மாடியில கேமரா எதுக்குங்க? பொம்பளைங்க நைட்டியோட குப்பை வைக்க வர்ற இடம். நல்லாவா இருக்கும்?

அப்பா: கேமரா லிஃப்ட் கதவைத்தான் பார்க்கும், உன் நைட்டியைப் பார்க்காது. இங்க ஒண்ணு மாட்டினாப் போதும். கீழ வேண்டாம்னு சொல்லப் போறேன்.

அம்மா: ஏன், கீழ ஏன் வேண்டாம்? சாயந்திரம் ஆனா கீழயும்தானே திறந்து கிடக்குது? அதுக்கும் தினமும் புகார் வருதே.

அப்பா: அது வேற.

அம்மா: எது வேற?

அப்பா: அது டெலிவரிப் பசங்க பண்றது. பாவம், அவசரத்துல வர்றாங்க, போறாங்க.

அம்மா: அடேயப்பா. சாயந்திரம் திறந்து போடறவன் பாவம். காலையில திறந்து போடறவன் மட்டும் பாவியா?

அப்பா: நீ எதுக்கு அவனுக்கு வக்காலத்து வாங்கறே?

அம்மா: நான் ஒண்ணும் வாங்கல. ஒண்ணு கேக்கணும்னே இருந்தேன். சாயந்திரம் புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு வாங்கிக்கிட்டுப் படியேறி வர்றீங்க. ராத்திரி முட்டிக்குத் தைலம் தேய்க்கச் சொல்றீங்க. லிஃப்ட்ல வந்தா என்ன?

அப்பா: எங்க வர்றது? லிஃப்ட்தான் கீழயே மாட்டிக்கிட்டு நிக்குதே.

அம்மா: கீழ நிக்கிற லிஃப்ட்ல, கீழ இருக்கிற நீங்க ஏறி, கதவைச் சாத்திட்டு வர முடியாதா?

அப்பா: நடந்தா உடம்புக்கு நல்லது.

அம்மா: நல்லதுதான். அதான் தைலம்.

அப்பா: பேச்சை மாத்தாதே. அந்தச் சத்தம் என் மண்டைக்குள்ளேயே கேக்குது. இரு, போய்ச் சாத்திட்டு வந்துடறேன்.

அம்மா: உக்காருங்க. உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும். பாப்பா வர்றதுக்குள்ள சொல்லிடறேன்.

அப்பா: என்ன?

அம்மா: இன்னிக்கு ஆபீஸ் விட்டு வர்ற வழியில ஹாஸ்டல்ல ரூம் பார்க்கப் போறாளாம்.

அப்பா: யாரு, பாப்பாவா? யாரு சொன்னது?

அம்மா: நேத்து யார்கிட்டயோ போன்ல பேசிட்டிருந்தா. ரூம்ல ஜன்னல் இருக்கான்னு கேட்டா.

அப்பா: ஏன், நம்ம வீட்டுல ஜன்னல் இல்லையா?

அம்மா: மூச்சு முட்டுதுன்னு சொன்னா. என் காதால கேட்டேன். பெத்தவங்க வீட்டுல மூச்சு முட்டுதுன்னு ஒரு பொண்ணு ஹாஸ்டல்ல போய் உக்காந்தா...

அப்பா: நம்மாலயா? நாம என்ன பண்ணினோம்? எல்லாம் அந்த அஞ்சாவது மாடி விசாரணைக் கமிஷனால. லிஃப்ட்ல மாட்டினா அவகிட்டேயிருந்து தப்பிக்க வழி இருக்கா? நாலு பக்கமும் கம்பி. "மாப்பிள்ளை வரலையா? எப்ப வர்றார்? ஏன் வரல? பொண்ணு இளைச்சுட்டாளே?"

அம்மா: என்னையும் அப்படித்தான் மடக்கினா. நான் சமாளிச்சுட்டேன். அவங்க வீட்டுல பெயின்ட் அடிக்கிறாங்க, பாப்பாவுக்கு அந்த வாசனை ஒத்துக்கல, அதான் வந்திருக்கான்னு சொல்லிட்டேன்.

அப்பா: பெயின்ட்டா? நான் மாப்பிள்ளை ட்ரெய்னிங் போயிருக்கார்னு சொல்லி வெச்சிருக்கேனே.

அம்மா: யார்கிட்ட?

அப்பா: அவகிட்டதான்.

அம்மா: போச்சு. நானும் அவகிட்டதாங்க சொன்னேன்.

அப்பா: என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லக் கூடாதா? இவ்வளவு நாளா பெயின்ட் அடிக்கிறதுக்கு அது என்ன அரண்மனையா?

அம்மா: இவ்வளவு நாளா ட்ரெய்னிங் போறதுக்கு அவர் என்ன நிலாவுக்கா போறார்?

அப்பா: சரி விடு. இதெல்லாம் பாப்பா காதுல விழவேண்டாம்.

அம்மா: விழாது. அன்னிக்கு அவ பெட்டியோட வந்து நின்னா. "இனிமே அங்க போகமாட்டேம்மா"ன்னா. "சரி, கை கால் கழுவிட்டு வா"ன்னேன். அவ்வளவுதான். அப்புறம் இன்னிக்கு வரைக்கும் ஏன், எதுக்குன்னு ஒரு வார்த்தை நான் கேட்டதில்ல.

அப்பா: கேக்கக் கூடாது. நான்தான் அன்னிக்கே சொன்னேனே. புண்ணைக் கிளறக் கூடாது. நானும் வாயே திறக்கல.

அம்மா: எனக்கு வாய் வரைக்கும் வரும். முழுங்கிடுவேன். அவ தட்டுல இன்னும் கொஞ்சம் போட்டுட்டு உள்ள வந்துடுவேன்.

அப்பா: அதான் பெத்தவங்க. ஊரு கேக்கும், நாம கேக்கக் கூடாது. இரு, போன் அடிக்குது... சொல்லுங்க டாக்டர். ஆமா ஆமா, கேக்குது, நல்லாவே கேக்குது. எங்க மாடிதான். ஆறாவது மாடியிலேர்ந்து நீங்க எப்படி இறங்குவீங்க, தெரியாதா எனக்கு? கிளினிக்ல ஆள் வாயைத் திறந்துக்கிட்டு உக்காந்திருப்பாங்க... இதோ, இந்த நிமிஷமே போய்ச் சாத்தறேன். இல்ல, இன்னிக்கு ஆளைப் பிடிச்சுடுவேன். கேமரா வருது. வெச்சுடறேன்.

அம்மா: பல் டாக்டரா?

அப்பா: அவர்தான். பாவம், பொறுமையான மனுஷன். அவரே பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பேசறார். நகரு, செருப்பை மாட்டிக்கறேன்.

அம்மா: போகாதீங்க.

அப்பா: ஏன்?

அம்மா: அவ இன்னும் கிளம்பல.

அப்பா: எவ?

அம்மா: பாப்பா.

அப்பா: பாப்பா கிளம்பறதுக்கும் லிஃப்ட் கதவுக்கும் என்ன சம்பந்தம்?

அம்மா: இருங்க, இந்த டிபன் டப்பாவைத் துடைச்சுட்டு...

அப்பா: என்னைப் பார்த்துப் பேசு. டிபன் டப்பாவை எதுக்குத் திருப்பித் திருப்பித் துடைக்கிறே?

அம்மா: நான்தாங்க.

அப்பா: நான்தான்னா?

அம்மா: கதவு.

அப்பா: எந்தக் கதவு?... லிஃப்ட் கதவா? நீயா?

அம்மா: மெதுவா.

அப்பா: நீயா? நான் ஊர்ல இருக்கிறவனையெல்லாம் சந்தேகப்பட்டு, ஸ்பீக்கரை முறைச்சு, நாய்க்காரியை முறைச்சு... இங்க, என் வீட்டுக்குள்ள, எனக்குக் காபி குடுத்துக்கிட்டு... அப்ப அந்தக் குப்பைப் பை?

அம்மா: பழைய பேப்பர். தினமும் வைக்க நமக்கு ஏது அவ்வளவு குப்பை?

அப்பா: பழைய பேப்பரா?

அம்மா: சாயந்திரம் நானே திருப்பி எடுத்துட்டு வந்துடுவேன். மறுநாளுக்கு வேணுமே.

அப்பா: அடிப்பாவி.

அம்மா: கேளுங்க. கதவைக் கொஞ்சமாத் திறந்து விட்டா, லிஃப்ட் நம்ம வாசல்லயே நிக்கும். மேல யாரு அமுக்கினாலும் போகாது. பாப்பா வெளியில வந்ததும் அவ மட்டும் ஏறிச் சாத்திட்டு, நேரா கீழ போயிடுவா. யாரும் பக்கத்துல நின்னு மாப்பிள்ளை எங்கன்னு கேக்க முடியாது. அவ ஏறிட்டான்னா அந்தம்மா கத்தறது நின்னுடும். அந்தச் சத்தம் நிக்கிற வரைக்கும் நான் அடுப்படியில காதைத் தீட்டிக்கிட்டு நிப்பேன். நின்னப்புறம்தான் எனக்கு மூச்சே வரும். திட்டுங்க. பரவாயில்ல. நோட்டீஸ் போர்டுல வேணும்னாலும் எழுதிப் போடுங்க. செகரட்டரி சம்சாரம்னு சேர்த்து எழுதுங்க. ஆனா இன்னும் கொஞ்ச நாள் விட்டுடுங்க. அவ இங்கேயே இருக்கணும்ங்க. அவ்வளவுதான் எனக்கு.

அப்பா: எவ்வளவு இடைவெளி விடறே?

அம்மா: என்னது?

அப்பா: கதவுல. எவ்வளவு விடுவே?

அம்மா: ஒரு விரல் அகலம்.

அப்பா: போதாது. யாராவது கைப்பிடியை இடிச்சாத் தானாச் சேர்ந்துக்கும். நான் ஒரு கை அகலம் விடுவேன்.

அம்மா: நீங்க...

அப்பா: ம்.

அம்மா: சாயந்திரம் கீழ... நீங்களா?

அப்பா: பஸ் ஏறினதும் அவ உனக்கு மெசேஜ் போடறா இல்ல, நீ அதைச் சத்தமாப் படிப்பே. நான் வாட்ச்மேன்கிட்ட ஒரு வார்த்தை பேசிட்டு வர்றேன்னு கீழ போவேன். அவனை மோட்டார் ரூமுக்கு அனுப்பிட்டு, கதவைத் திறந்து விட்டுட்டு...

அம்மா: படியேறி வந்துடுவீங்க.

அப்பா: முட்டியைப் பிடிச்சுக்கிட்டு.

அம்மா: அடக் கடவுளே. அதுக்கா நான் தினமும் தைலம் தேய்க்கிறேன்? எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

அப்பா: நீ சொன்னியா? ஒரு செகரட்டரி இதை வாயால சொல்ல முடியுமா? குரூப்ல நானே "கடுமையாகக் கண்டிக்கிறேன்"னு போட்டிருக்கேன்.

அம்மா: சிரிக்க வைக்காதீங்க... கேட்டுடப் போகுது... எனக்குச் சிரிப்பும் வருது, அழுகையும் வருது.

அப்பா: "தயவுசெய்து ஒத்துழைக்கவும்"னு கையெழுத்து வேற போட்டேன்.

அம்மா: போதும், வயிறு வலிக்குது... ஷ்... மெஷின் நின்னுடுச்சு.

மகள்: என்னம்மா, ரெண்டு பேரும் சிரிக்கிற சத்தம் கேட்டுச்சு?

அம்மா: இல்லையே.

அப்பா: சும்மா, தொண்டை கரகரப்பு.

மகள்: ரெண்டு பேருக்கும் சேர்ந்தா?... சரி. அப்பா, வாட்ச்மேன் எனக்கு போன் பண்ணினார், உங்க லைன் கிடைக்கலையாம். கேமரா மாட்டறவர் வந்திருக்காராம். லிஃப்ட் வரல, படியில ஏறட்டுமான்னு கேக்கறாராம்.

அப்பா: ஏற வேண்டாம். அப்படியே திரும்பிப் போகச் சொல்லு. கேமரா வேண்டாம்.

மகள்: வேண்டாமா? சாப்பிடும்போதெல்லாம் அதைப் பத்தித்தானே பேசிட்டிருந்தீங்க?

அப்பா: யோசிச்சுப் பார்த்தேன். பொம்பளைங்க நைட்டியோட வர்ற இடம். நல்லாவா இருக்கும்?

அம்மா: நல்லா இருக்காது.

மகள்: ரெண்டு பேருக்கும் என்னமோ ஆயிடுச்சு.

அம்மா: இந்தா டிபன். தண்ணி பாட்டில் பையில வெச்சுட்டேன். குடை எடுத்துக்கோ. நீ கிளம்பு, நேரமாச்சு, லிஃப்ட்... அதாவது, பஸ் போயிடும்.

மகள்: அம்மா, சாயந்திரம் கொஞ்சம் லேட்டா வருவேன். ஒரு இடத்துக்குப் போகணும்.

அம்மா: ஹாஸ்டலுக்கா?

அப்பா: வேண்டாம்மா.

மகள்: ரூம் பார்க்கத்தான்ப்பா போறேன். இன்னும் ஒண்ணும் முடிவு பண்ணல.

அம்மா: இங்க உனக்கு என்ன பாப்பா குறை? யாரும் உன்னைத் தொந்தரவு பண்ணலையே. பண்ணாம நாங்க பார்த்துக்கறோமே.

மகள்: எதைப் பார்த்துக்கறீங்க?

அம்மா: ஏங்க, நீங்களே சொல்லுங்க.

அப்பா: அது வந்து... லிஃப்ட்ல நீ போகும்போது, வரும்போது, கூட யாரும் ஏறாம... கண்டதையும் கேக்காம... காலையில உங்கம்மா கதவைத் திறந்து விட்டுடுவா. சாயந்திரம் நான் கீழ திறந்து விட்டுடுவேன். லிஃப்ட் உனக்காகவே காத்துக்கிட்டு நிக்கும்.

மகள்: அந்தக் கதவைத் திறந்து போடறது நீங்களா?

அம்மா: கோவிச்சுக்காதே. நீ நிம்மதியாத் தனியாப் போகணும்னுதான்...

மகள்: அம்மா. நான் வந்த நாள்லேர்ந்து ஒரு தடவைகூட லிஃப்ட்ல போகல.

அம்மா: என்னது?

மகள்: படியிலதான் போறேன். வர்றதும் படியிலதான்.

அம்மா: பொய் சொல்லாதே. நீ வெளியில போனதும் சத்தம் நின்னுடுமே? நான் தினமும் கேக்கறேனே.

மகள்: நான்தான் கதவைச் சாத்திட்டுப் படியில இறங்குவேன். மேல யாரோ பாவம் காத்துக்கிட்டிருப்பாங்களேன்னு. எந்த மடையன் இப்படித் தினமும் திறந்து போட்டுட்டுப் போறான்னு திட்டிக்கிட்டேதான் சாத்துவேன்.

அப்பா: சாயந்திரமும் அதே மடையனைத்தான் திட்டினியா?

மகள்: சாயந்திரம் இன்னும் கொஞ்சம் ஜாஸ்தியா. கை அகலத்துக்குத் திறந்து கிடக்கும்.

அம்மா: ஏன் பாப்பா படியில போறே?

மகள்: லிஃப்ட்ல யாராவது இருப்பாங்கன்னு. படியில ஒருத்தரும் வரமாட்டாங்க, நிம்மதியா இறங்கிடலாம்னு நினைச்சேன். ஆனா நான் கிளம்பற நேரத்துக்குக் கட்டடமே படியில இறங்கி வருது. லிஃப்ட் வரல, லிஃப்ட் வரலன்னு முனகிக்கிட்டு.

அப்பா: ஐயையோ.

மகள்: அஞ்சாவது மாடி ஆன்ட்டி என் தோளைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இறங்குவாங்க. லிஃப்ட்ல வந்திருந்தா மூணு மாடியில பேச்சு முடிஞ்சிருக்கும். படியில அப்படியா? நிதானமா, படிக்கு ஒரு கேள்வி.

அம்மா: என்ன கேட்டா?

மகள்: பெயின்ட்டா, ட்ரெய்னிங்கான்னு கேட்டாங்க.

அப்பா: நான் சொல்லல? உன்னாலதான்.

அம்மா: சும்மா இருங்க... நீ என்ன சொன்னே பாப்பா?

மகள்: நடந்ததைச் சொன்னேன்.

அம்மா: நடந்ததையா? எல்லாத்தையுமா?

மகள்: எல்லாத்தையும். ரெண்டாவது மாடித் திருப்பத்துல ஆரம்பிச்சேன். கேட்டுக்கிட்டே இருந்தவங்க அப்படியே படியில உக்காந்துட்டாங்க. அவங்க ஒண்ணும் பேசாம இருந்து நான் பார்த்தது அன்னிக்குத்தான். அப்புறம் என் கையைப் பிடிச்சுக்கிட்டு எழுந்திரிச்சாங்க. "பஸ்ஸை விட்டுடாதே"ன்னாங்க. இப்பல்லாம் லிஃப்ட் இருந்தாக்கூட என்கூடப் படியிலதான் வர்றாங்க.

அப்பா: அவளுக்குத் தெரிஞ்சா கட்டடத்துக்கே தெரிஞ்ச மாதிரி.

மகள்: நோட்டீஸ் போர்டே வேண்டாம். மறுநாள் ஸ்பீக்கர் போனை அணைச்சுட்டு வந்து, அவர் மச்சினன் வக்கீலாம், நம்பர் வேணுமான்னு கேட்டார்.

அப்பா: அந்த மச்சினனா? அவன் வீட்டுச் சண்டையையே அவனால தீர்க்க முடியல.

மகள்: அதையும் அவரே சொன்னார். பல் டாக்டர் ஒருநாள் என்னை நிறுத்தி உத்துப் பார்த்தார். "தாடை வீங்கியிருக்கே, ராத்திரி பல்லைக் கடிக்கிறியாம்மா?"ன்னு கேட்டார். தெரியலன்னேன்.

அம்மா: ...கடிக்கிறே.

மகள்: உனக்கு எப்படித் தெரியும்?

அம்மா: சுவத்துக்கு இந்தப் பக்கம்தானே படுத்திருக்கேன். நறநறன்னு கேக்கும். விடியற வரைக்கும் கேக்கும்.

மகள்: தினமுமா?

அம்மா: தினமும்தான். எனக்குக் கேட்டுச்சு பாப்பா. நான்தான் கேக்கல.

அப்பா: நான் கேக்கக் கூடாதுன்னு சொல்லி வெச்சிருந்தேன்.

அம்மா: போன்ல மூச்சு முட்டுதுன்னு சொன்னியே. ஊரு கேக்கற கேள்வியாலன்னு நினைச்சோம்.

மகள்: வெளியில முட்டலம்மா. இந்தக் கதவைத் திறந்து உள்ள வந்தாத்தான். நான் வந்ததும் பேச்சு நின்னுடுது. டிவி சத்தம் குறையுது. இப்பக்கூட சிரிச்சுக்கிட்டுத்தானே இருந்தீங்க? என்னைப் பார்த்ததும் தொண்டை கரகரப்பு ஆயிடுச்சு. தட்டுல மட்டும் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு விழுது. நானே ஆரம்பிக்கலாம்னு பார்ப்பேன். நீ அடுப்படிக்குப் போயிடுவே, அப்பா பேப்பரை விரிச்சுடுவார்.

அப்பா: நீ மனசு நோகக் கூடாதுன்னுதான்மா...

மகள்: தெரியும்ப்பா. தெரியாம இல்ல. ஆனா இந்தக் கட்டடத்துல என்ன ஆச்சுன்னு என்கிட்ட கேக்காதவங்க மூணே பேர்தான். அம்மா, நீங்க, அப்புறம் அந்த லிஃப்ட்ல கத்தற அம்மா. சரி, பை எங்க? நேரமாச்சு.

அம்மா: குடு இங்க. பையைக் குடு. அந்த நாற்காலியில உக்காரு.

மகள்: ஆபீஸுக்கு லேட்டாகும்மா.

அம்மா: ஆகட்டும். ஏங்க, அந்தப் பேப்பரை மடிச்சு வைங்க.

அப்பா: மடிச்சுட்டேன்... என்னம்மா ஆச்சு? அங்க உனக்கு என்ன ஆச்சு?

மகள்: மேல யாரோ இன்னும் காத்துக்கிட்டு நிக்கறாங்கப்பா. தயவுசெய்து அந்தக் கதவை மூடிட்டு வாங்க. வந்து உக்காருங்க, சொல்றேன்.